படியாத டீக்கால், தவறான வழிமுறைத் தாள்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

அனுப்புநர்
ஸ்கேல் மாடல் கட்டுவோர் ஐவர்,
கிருஷ்ணகிரி.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
டீக்கால் தயாரிப்புப் பிரிவு.

நாள்: 12.03.2026

பொருள்: 1/72 மிக்-21 வாட்டர்ஸ்லைடு டீக்கால் ஷீட், சாஃப்ட்னர் பாட்டில் ஆகியவற்றில் உள்ள குறைபாடு.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த செப்டம்பர் 26 அன்று நமது விமானப்படை மிக்-21க்கு விடை கொடுத்ததிலிருந்து அந்த விமானத்தின் மாடலுக்கும், அதன் மேல் தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னப் படமான டீக்காலுக்கும் கிராக்கி கூடியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து நீங்கள் கொண்டுவந்த ஷீட்டில் ஐந்து செட் ஜனவரியில் வாங்கினோம். ஷீட் 780 ரூபாய், டீக்காலை இளக்கிப் பரப்போடு படியவைக்கும் சாஃப்ட்னர் திரவம் 30 மி.லி. 350 ரூபாய். ஐந்துக்கும் சேர்த்து 5,650 ரூபாய். ஐந்திலும் ஒரே கோளாறு: டீக்கால் படியாமல் விறைத்து நிற்கிறது, அடியில் வெள்ளி பூக்கிறது. முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதிலில் இருந்தது இரண்டே காரணம்: எங்கள் ஊர்த் தண்ணீர், எங்கள் கை.

தண்ணீரை முதலில் பார்ப்போம். தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரின் லட்சணம் எங்களுக்குத் தெரியும். ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் டீக்காலுக்கு எதிரி ஃப்ளோரைடு அல்ல, வெந்நீர் குண்டானின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டுகிறதே, அந்தக் கால்சியம் உப்பு. அதனால் நாங்கள் பயன்படுத்தியது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர்தான். அதை விடுங்கள். உப்புக் கறையையும் வெள்ளி பூப்பதையும் பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். உப்புக் கறை டீக்காலின் மேலும் அதைச் சுற்றியும் வளையமாக நிற்கும், ஈரமான பட்ஸால் துடைத்தால் போய்விடும். வெள்ளி பூப்பது, டீக்காலின் மெல்லிய படலமான ஃபிலிமுக்கு அடியில் அடைபட்ட காற்று. மேலே எத்தனை முறை துடைத்தாலும் அசையாது. சாய்ந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். உங்கள் ஷீட்டில் வந்தது இரண்டாவது வகை.

அடுத்தது கை. ஒரே மாடலின் இரண்டு இறக்கைகளுக்கும் ஒரே நாளில் ஒரே பெயின்ட், அதன் மேல் பளபளப்பான அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷ் இரண்டு கோட் அடித்து, முழுதாக ஒரு நாள் காயவிட்டோம். இடது இறக்கையில் வேறொரு தயாரிப்பின் விமானப்படை வட்டச் சின்னம், வலது இறக்கையில் உங்களுடையது. தண்ணீர், பிரஷ், ஒட்டிய கை எல்லாம் ஒன்றே. வெயிலில் திரவம் வேலை செய்யுமுன்னே ஆவியாகிவிடும் என்பதால் காலை ஆறரை மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு ஒட்டினோம்.

இடது இறக்கையில் சாஃப்ட்னர் பட்ட ஐந்தாவது நிமிடம் ஃபிலிம் கசங்கிச் சுருங்கியது. பழக்கமில்லாதவர்கள் பதறிப்போய்த் தொட்டுக் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். தொடாமல் விட்டோம், அரை மணி நேரத்தில் தானாகவே இறங்கி, தகடுகளின் இணைப்பைக் காட்டும் மெல்லிய பள்ளமான பேனல் கோட்டுக்குள் போய்ப் பெயின்ட் போலவே படுத்துவிட்டது. வலது இறக்கையில் அந்தச் சுருக்கமே வரவில்லை. அரை மணிக்கு ஒரு கோட் வீதம் நான்கு கோட் தடவியும், ஃபிலிம் பேனல் கோட்டின் மேல் பந்தல் துணி போல விறைத்து நின்றது. ஓரம் மட்டும் பொரித்த அப்பளத்தின் விளிம்பு மாதிரி மேலே வளைந்தது. அந்தக் கோடு நெடுக வெள்ளை நூல் ஓடியதுபோல் காற்று. ஊசி முனையால் குத்தித் திரவத்தை உள்ளே இறக்கப் பார்த்தோம். வழக்கமாக இதில் சரியாகிவிடும். உங்கள் டீக்காலில் குத்திய இடத்திலிருந்து காவி மை விரிசல் விட்டு, 2 மி.மீ. நீளத்துக்குச் சில்லாகப் பெயர்ந்தது.

காரணம் என்னவென்று நாங்களே தேடினோம். ஓசூர் டூல் ரூம் ஒன்றில் மைக்ரோமீட்டர் வைத்து, ஃபிலிம் உள்ள தாளையும் கழுவி எடுத்த வெறும் தாளையும் அளந்தோம். வித்தியாசம் 0.03 மி.மீ. இடது இறக்கையில் ஒட்டிய ஷீட்டில் அது 0.01 மி.மீ. தான். மூன்று மடங்குதானே என்று தோன்றலாம். விறைப்பு தடிமனோடு சேர்ந்து அப்படியே ஏறுவதில்லை. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு, மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. தலைமுடி அகலப் பள்ளத்துக்குள் அது மடங்கி இறங்காததில் வியப்பில்லை. 1/72 அளவில் 0.03 மி.மீ. என்பது நிஜ விமானத்தில் 2 மி.மீ. கனத்துக்குச் சமம். விமானப்படைச் சின்னத்தைத் தகரத்தில் வெட்டி ஆணியடித்தால்தான் அந்தக் கனம் வரும்.

தடிமனைக் கூடச் சாஃப்ட்னர் ஓரளவு சமாளித்திருக்கும், அது இந்த ஃபிலிமைக் கரைக்கிற வகையாக இருந்தால். ஷீட்டின் ஓரத் துண்டு ஒன்றை உங்கள் சாஃப்ட்னரிலேயே ஒரு மணி நேரம் போட்டுவைத்தோம். எடுத்துப் பார்த்தால் அதே மொடமொடப்பு. லென்ஸில் மை மேடு தட்டித் தெரிகிறது. புற ஊதா ஒளியில் இறுகவைக்கும் மையில் அச்சடித்தால் இப்படித்தான் இருக்கும்: இறுகிய பிறகு சாதாரணச் சாஃப்ட்னர் அதை எதுவும் செய்யாது. ஸ்க்ரீன் பிரின்ட் ஷீட்டுகளில் ஃபிலிமாகப் பூசும் லாக்கருக்கென்று வந்த திரவத்தை இந்த மையோடு ஜோடி சேர்த்து ஒரே கவரில் விற்றிருக்கிறீர்கள் என்பது எங்கள் சந்தேகம். உண்மையா, இல்லையா என்று எழுத்தில் சொல்லுங்கள்.

வெள்ளையும் போதவில்லை. கரும்பச்சை மேல் ஒட்டினால் வட்டச் சின்னத்தின் வெள்ளை வளையம் கழுவாத வேட்டி நிறத்தில் நிற்கிறது. ஃபிலிமில் கனம் சேர்ப்பதற்குப் பதில், வெள்ளை மையை இன்னொரு முறை ஓட்டியிருக்கலாம்.

கூடவே வந்த தமிழ் வழிமுறைத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல ஷீட்டையும் கெடுக்கக்கூடியது அது. "இரண்டு நிமிடம், டீக்கால் மிதக்கும் வரை ஊறவிடவும்" என்கிறது. மிதக்கும் வரை விட்டால் பசை முழுவதும் தண்ணீரோடு போய்விடும். 10 முதல் 15 விநாடி முக்கி எடுத்து, ஈர டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் வைத்தால் போதும். விரலால் தள்ளினால் தாளின் மேல் நழுவ வேண்டும், அதுதான் அடையாளம். "மேட் பெயின்ட் மேல் நேரடியாக ஒட்டலாம்" என்பது அதைவிட மோசம். பளபளப்பில்லாத மேட் பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் காற்று அடைபடும். "அகலமாக வெட்டவும்" என்றும் போட்டிருக்கிறது. உங்கள் ஷீட் முழுக்க ஒரே ஃபிலிம் ஓடுகிறது, ஆகவே எழுத்தை ஒட்டி வெட்டாவிட்டால் சுற்றிலும் கண்ணாடிக் கரை தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, சாஃப்ட்னரை முதலில் தடவி அதன் மேல் டீக்காலை வைத்து நகர்த்தச் சொல்வது. அடியில் தடவ வேண்டியது செட்டர். காடி வாசனை வரும் மென்மையான திரவம் அது. பரப்பை நனைத்துப் பசையைப் பிடிக்கச் செய்யும், நகர்த்தவும் நேரம் கொடுக்கும். சாஃப்ட்னர் மேலே வருவது. இடம் சரிபார்த்து, நடுவிலிருந்து வெளியே தண்ணீரை ஒற்றி, பத்து நிமிடம் கழித்து மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். அதை அடியில் ஊற்றிவிட்டு நகர்த்தினால், நல்ல டீக்கால் ரப்பர் மாதிரி இழுபட்டுக் கிழியும். எரிபொருள் டேங்கின் மூக்கு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த இடத்துக்கு உங்கள் தாளில் ஒரு வரி கூட இல்லை. ரவிக்கைக் கழுத்து வளைவில் தையற்காரர் போடுகிற குட்டி வெட்டுகளைப் போல ஓரத்தில் மூன்று நான்கு இடத்தில் வெட்டிவிட்டால், விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படியும். இதைக் கூட எழுதாமல் ஒரு தாள் எதற்கு?

பாட்டிலில் தயாரித்த மாதமோ ஆண்டோ இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நாங்கள் கேட்பது: 5,650 ரூபாய் திரும்ப வர வேண்டும். மாற்று ஷீட் வேண்டாம், அதே ஃபிலிமில் எத்தனை வந்தாலும் இதே கதைதான். மையின் வகையையும் அதற்கேற்ற திரவத்தையும் கவரின் மேல் அச்சிடுங்கள். அந்தத் தமிழ்த் தாளை உடனே நிறுத்துங்கள். திருத்தி எழுத ஆள் இல்லையென்றால் பிழை குறித்த பிரதியை இத்துடன் வைத்திருக்கிறோம். 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் 1915 உதவி எண்ணிலும், பிறகு கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் பதிவு செய்வோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
ஷீட் வாங்கிய ஐவர்.

இணைப்பு: பில் நகல் ஐந்து, சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படங்கள், திருத்திய வழிமுறைத் தாள், திரவத்தில் ஊறிய ஓரத் துண்டு, சோதனை செய்த இரண்டு இறக்கைகள். பார்த்து முடித்ததும் இடது இறக்கையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பவும். அது நன்றாக வந்திருக்கிறது.