கொடைக்கானல் மேல்மலை மண் சாலைகளைக் கிராவல் சைக்கிள் தடங்களாக அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மேல்மலைக் கிராமங்களின் விவசாயிகள், தங்குமிடம் நடத்துவோர், சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள்,
கொடைக்கானல் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்.

பொருள்: மேல்மலையில் புழக்கத்தில் உள்ள மண் சாலைகள் சிலவற்றை மிதிவண்டித் தடங்களாக முறைப்படுத்தி, உல்லாச ஜீப் சவாரியிலிருந்து காக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வரை தார்ச்சாலை இருக்கிறது. அதை விட்டு இறங்கினால், பூண்டு வயலுக்கும் உருளைக்கிழங்குக் காட்டுக்கும் இடையே ஊருக்கு ஊர் பழைய மண் சாலைகள் போகின்றன. விளைந்த சரக்கைக் குதிரையிலும் டிராக்டரிலும் கொண்டுவர எங்கள் பெரியவர்கள் காலத்திலிருந்து புழங்கும் பாதைகள் இவை. இவற்றில் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் கிராவல் சைக்கிள் தடங்களாக அரசே அறிவிக்க வேண்டும். வேடிக்கைக்காக ஓட்டப்படும் ஜீப்புகளும் மோட்டார் பைக்குகளும் அவற்றில் நுழையாமல் தடுக்க வேண்டும். இதுதான் எங்கள் கோரிக்கை.

கிராவல் சைக்கிள் என்பது ரேஸ் சைக்கிள் போல வளைந்த கைப்பிடியும், 40 மி.மீ. அளவில் அகலமான டயரும், டிஸ்க் பிரேக்கும், ஏற்றத்துக்கென்று இலகுவான கியரும் கொண்ட வண்டி. தார் போட்ட ரோட்டிலும் போகும், சரளை மண்ணிலும் போகும். இதை ஓட்டுபவர்கள் தேடுவது எங்களிடம் இருப்பது போன்ற பாதையைத்தான். புதிதாகச் சாலை வெட்ட வேண்டியதில்லை, ஒரு மரத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை.

ஜீப் சவாரியால் என்ன நடக்கிறது என்பதைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டும். கூக்கால் பக்கம் ஏறும் ஒரு வளைவில், மழை பெய்த மறுநாள் ஜீப் திணறி ஏறும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணைச் சீவி எறிகிறது. இப்படியே ஓடி ஓடி இரண்டு தடங்களும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிட்டன. ஓரத்து வாய்க்காலுக்குப் போக வேண்டிய தண்ணீர் இப்போது அந்தப் பள்ளத்தில் இறங்கி, கீழே இருக்கும் பூண்டு வயலின் கரையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மூட்டை ஏற்றிய குதிரை அந்த இடத்தில் கால் வைக்கவே தயங்குகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த ஊர்களே மகிழ்ந்தன. அந்தப் பூண்டு விளையும் மண்ணைத்தான் இந்தச் சவாரி கரைத்துக்கொண்டிருக்கிறது.

சைக்கிளாலும் மண்ணுக்குக் கேடு வரும், ஈரத்தில் ஓட்டினால். மழைக்குப் பிறகு எப்போது ஓட்டலாம் என்பதில் வெளிநாட்டு விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சுலோவேனியா போன்ற நாடுகளின் சுண்ணாம்புக்கல் மலைகளில் மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாகச் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். நொறுங்கிய சுண்ணாம்புக்கல்லும் நன்றாக இறுகிக்கொள்ளும். அதனால் அங்கே மழைக்குப் பிறகு பாதை விரைவில் காய்ந்து கெட்டியாகிவிடுகிறது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் பாறையோ சார்னோகைட் என்னும் கெட்டியான வகை. தண்ணீர் அதில் எளிதாக இறங்காது, மேலே இருக்கும் மண்ணிலேயே ஊறி நிற்கும். அந்த நேரத்தில் மெல்லிய டயர்கூடத் தடம் கிழிக்கும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தடங்களை முழுவதுமாக மூடிவிடலாம். மற்ற மாதங்களிலும் பலத்த மழைக்குப் பிறகு பாதை காயும்வரை யாரையும் விடக் கூடாது. காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாட்களில் வனத்துறை மூடச் சொன்னால் மறுபேச்சு இல்லை.

நாங்கள் எதைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பேரிஜம் ஏரியைத் தாண்டி மூணாறு நோக்கிப் போகும் பழைய சாலையைத் திறக்கக் கேட்கவில்லை. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அதன் மேல் ஆசை உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாலை போகும் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது காரணத்தோடுதான். அங்குள்ள சோலையும் புல்வெளியும் பிடித்து வைக்கும் தண்ணீர்தான் ஒரு பக்கம் வைகைக்கும் மறு பக்கம் அமராவதிக்கும் இறங்குகிறது. அந்தச் சாலை மூடியே இருக்கட்டும். கீழ்மலையில் ஆடலூர், பன்றிமலை, கே.சி.பட்டி பக்கம் யானை நடமாட்டம் உண்டு, அங்கும் தடம் வேண்டாம். ஊர்களுக்குத் தார்ச்சாலை போடுவதை நிறுத்தவும் நாங்கள் சொல்லவில்லை. பிரசவத்துக்குக் கொண்டுபோகும் 108 வண்டி குலுங்காமல் போக வேண்டும், அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மேல்மலையில் எங்களுடன் வாழ்வது காட்டுமாடு. ஜீப் வந்தால் சத்தம் கேட்டு அது விலகிவிடும். சைக்கிள் இறக்கத்தில் சத்தமில்லாமல் வருவதால், வளைவு திரும்பியதும் நேருக்கு நேர் நிற்க வேண்டிவரும். மிரண்ட காட்டுமாடு என்ன செய்யும் என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். எனவே காலை 7 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பிறகும் அனுமதி வேண்டாம். தனியாக யாரும் போகக் கூடாது, மணி கட்டாயம், வெளியூர்க்காரர்களுடன் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் போக வேண்டும். புறப்படும் இடத்தில் டயரைக் கழுவ ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தால், ஒட்டிய சேற்றோடு களை விதைகள் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போவதையும் குறைக்கலாம்.

இன்னொரு சின்ன ஏற்பாடு. இந்தப் பாதைகளில் பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது. ஒருவர் விழுந்து எலும்பு முறிந்தால், கூட வந்தவர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடிப் போய், ‘பைன் மரங்கள் இருக்கும் வளைவு’ என்றுதான் 108-க்குச் சொல்ல முடியும். அப்படிப்பட்ட வளைவு எத்தனையோ! அரை கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டு எண் எழுதி, அந்த எண்களை ஆம்புலன்ஸ், காவல் நிலையம், வனச்சரகம் மூன்றிடமும் கொடுத்துவிட்டால் உதவி நேராக அந்த இடத்துக்கு வந்துசேரும்.

இதற்கு முன்னுதாரணம் நம் அரசிடமே இருக்கிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, இணையத்தில் முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டிகளும் ஏற்பாடு செய்தது. நடப்பதற்குச் செய்ததைச் சைக்கிளுக்கும் செய்யலாம். ஜீப் ஓட்டும் பிள்ளைகளும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான், அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது எங்கள் நோக்கமல்ல. தார்ச்சாலை வழியாகப் பையைக் கொண்டுசேர்க்க, களைத்தவரை ஏற்றிவர, பழுதான சைக்கிளைத் தூக்கிவர வண்டி வேண்டும். அந்த வேலையை அவர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும்.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடைக்கு நாளொன்றுக்கு 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. வருகிறவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சைக்கிளோடு ரயிலில் கொடைரோடு வந்து இறங்குபவரை அரசுப் பேருந்தே மேலே கொண்டுவந்துவிட்டால் மலையில் ஒரு கார் குறையும். அவர் மன்னவனூரிலோ பூண்டியிலோ ஓர் இரவு தங்கி, இங்கேயே சாப்பிடுவார். ஆனால் பேருந்தில் சைக்கிளை ஏற்றலாமா, எவ்வளவு கட்டணம் என்பது அந்தந்த நடத்துநரின் மனதைப் பொறுத்ததாக இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக வரும் பேருந்துகளுக்காவது இதில் ஒரே விதி வேண்டும்.

ஆகவே, கொடைக்கானல் கோட்டாட்சியர் தலைமையில் வனத்துறை, ஊரக வளர்ச்சித் துறை, சுற்றுலாத் துறை அலுவலர்கள் எங்களோடு சேர்ந்து இப்பாதைகளை நேரில் தணிக்கை செய்ய உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். பட்டா நிலத்தின் வழியாகப் போகும் பாதை என்றால் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் எடுக்க வேண்டாம். தேர்வாகும் தடங்களை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் பெற்ற பிறகே அறிவிக்கட்டும். முதலில் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் இடையே ஒரே ஒரு தடத்தை ஜனவரி முதல் மே வரை சோதனையாக நடத்திப் பார்க்கலாம். அதுவரை, மழை நாட்களில் இந்த மண் சாலைகளில் உல்லாச ஜீப்புகள் ஏறுவதை உடனடியாக நிறுத்தி உத்தரவிட வேண்டும். வரும் பருவமழைக்குள் இது நடக்கவில்லை என்றால் கூக்கால் வளைவுக்குக் கீழே உள்ள வயல்களின் கரை நிற்காது.

தணிக்கைக்கு வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், பாதை தெரிந்த பெரியவர்களையும் வயல் உரிமையாளர்களையும் அழைத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்மலைக் கிராம மக்கள்.

இடம்: மன்னவனூர்