கேட்காமலா கிடைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை 'கேட்காமலே கிடைத்த வரம்' என்று போன ஞாயிறு உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். உங்களுக்குத் தெரியாத வரலாறு அல்ல. எப்படித்தான் உங்கள் கண்ணில் படாமல் போனதோ!

1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கினார்களே, எதற்காம், பலகாரம் சுடவா? அதன் செயலாளர் அக்னஸ் டி சில்வா, நாட்டின் அரசியலமைப்பை மாற்றப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு முன் போய், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தே வாக்குக் கேட்டார். ஆணைக்குழு 30 வயதானவர்களுக்கு மட்டும் என்றது. 1931இல் அது 21 ஆனது. மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிய சேர் பொன். இராமநாதனே பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று நின்றவர். அவர் படத்துக்கு மாலை போடுகிறோம், போடத்தான் வேண்டும். இதையும் ஒருநாள் சொல்லலாமே.

எங்கள் ஊர்க் கதை இன்னும் விசேஷம். 1931 தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொல்ல, இங்கே நாலு தொகுதிக்கும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. கொடுத்த சுயாட்சி போதாது என்பது அவர்கள் நியாயம், சரி. ஆனால் வாக்குக் கிடைத்த வருடமே அதைப் போட எங்கள் அப்பம்மாமாருக்குப் பெட்டி இல்லை. 1934 இடைத்தேர்தல் வரை காத்திருந்தார்கள். அவர்களைக் கேட்டா பகிஷ்கரித்தார்கள்?

வாக்கு இருக்கட்டும். போன வருடம் என் சீதனக் காணியில் இரண்டு பரப்பு விற்க, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன். காணி உறுதி என் பெயரில். வரி கட்டுவது நான், வேலி அடைப்பிப்பது நான், பனங்காய் பொறுக்குவதும் நான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவரும் சம்மதம் எழுதித் தரவேணும் ரீச்சர்" என்றார். 'அவர்' கனடாவுக்குப் போய்ப் பதினெட்டு வருடம்! கடிதம் இல்லை, காசும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழருக்கென்று இருக்கும் வழக்குச் சட்டமான தேசவழமையாம், 1911ஆம் ஆண்டுச் சட்டமாம். கணவர் சம்மதம் இல்லையென்றால் கோர்ட்டுப் படி ஏறவேண்டுமாம். நாட்டை யார் ஆளவேண்டும் என்று சொல்ல என் ஒரு புள்ளடி போதும். இரண்டு பரப்பு விற்க என் கையெழுத்துப் போதாது. இதைப் பற்றியும் உங்கள் கட்டுரையாளர் எழுதுவார், கேட்காமலே கிடைத்த பிறகு.

வரும் ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 1923இல் இங்கே 'தமிழ் மகள்' பத்திரிகை நடத்திய மங்களம்மாள் மாசிலாமணியின் பெயராவது அதில் இருக்கட்டும்.

அப்புறம், சென்ற முறை என் கடிதத்தின் கீழ் 'ஓர் இல்லத்தரசி' என்று போட்டிருந்தீர்கள். இந்த முறை நான் எழுதியபடியே விடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.