புள்ளியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு: திரையைப் பார்த்தெழுதுவதற்கு மார்க் வேண்டாம்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். பாடத்திட்டத்தைத் திருத்தப் போகிறீர்கள் என்று கேள்வி. செய்முறைத் தேர்வில் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் காட்டும் எண்ணைப் பார்த்தெழுதினாலே முழு மார்க் என்ற வழக்கத்தை அத்தோடு நிறுத்துங்கள்.

இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி டெஸ்டை அதன் பழைய பதிப்புகளில் ஓட்டினால், பி-மதிப்பைக் காட்டும் 'சிக்' கட்டத்தில் .000 என்று வரும். மூன்று தசமத்துக்குச் சுருக்கியதால் வந்த பூஜ்யம் அது, 0.001-க்கும் குறைவு என்றுதான் எழுத வேண்டும். "சார், பி வேல்யூ ஜீரோன்னு வந்துட்டு, அப்ப வாய்ப்பே இல்லைல்லா?" என்கிறாள் ஒரு களக்காட்டுப் பிள்ளை. ரெக்கார்டு நோட்டிலும் பூஜ்யம் ஏறுகிறது, கையெழுத்தும் விழுகிறது. அதே அட்டவணையில் இரண்டு வரி உண்டு: இரு பக்க வேரியன்ஸும் (எண்களின் சிதறல் அளவு) சமம் என்று கொண்டது, கொள்ளாதது. "மேல் வரியை எழுது" என்பது லேப் மரபு. ஆர் மென்பொருளோ, நாம் மாற்றச் சொல்லாதவரை, சமம் என்று கொள்ளாத வெல்ச் முறையில்தான் ஓடும். பத்தும் பத்துமாக இருபது வயலுக்குக் கையால் போட்டவளுக்கு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (கட்டின்றி மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை) 18. திரையில், வெல்ச் முறையில், 16 புள்ளி சொச்சம். பிள்ளை தன் கணக்கை அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சூத்திரத்துக்கு முன்னால் குலுக்கலைக் கற்பிக்கலாம். கார் பருவத்தில் அம்பை 16 நெல் நட்ட இருபது வயல். எந்தப் பத்து வயலுக்கு உரம் போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறோம் என்று வையுங்கள். உரத்தால் ஒன்றும் ஆகவில்லையென்றால் அந்த இருபது மகசூலையும் எப்படிப் பிரித்தாலும் ஒன்றுதான். ஆகவே கலைத்துப் போட்டுப் பத்துப் பத்தாகப் பிரித்துச் சராசரி வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் தடவை கலைக்க ஆரில் சில வரிகள் போதும். நமக்குக் கிடைத்த வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ எத்தனை தடவை வந்தது? அந்தப் பங்குதான் பி-மதிப்பு. உரம் பயனற்றது என்பதற்கான வாய்ப்பு அல்ல அது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-ல் இதை அறிக்கையாக எழுத வேண்டியிருந்தது.

குலுக்கல் புதுச் சரக்கும் இல்லை. கின்னஸ் மதுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் டி டெஸ்டுக்கு அடிப்படையான டி பரவலை 1908-ல் வெளியிட்டபோது, 3000 குற்றவாளிகளின் உடல் அளவுகளை அட்டைத் துண்டுகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக 750 மாதிரி எடுத்துத் தன் கணக்கைச் சரிபார்த்தார். கணினி இல்லாத காலம்!

ஆர் இலவசம். நிரல் எழுதத் தயங்குகிறவர்களுக்கு மெனுவோடு ஜமோவி இருக்கிறது, அதற்கும் காசில்லை. லேப் பூட்டியபின் வீட்டிலும் ஓட்டலாம்.

பத்து மார்க் கேள்வியில் நான்கை எண்ணுக்கு வையுங்கள். மீதி ஆறு, அந்த எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று சேரன்மகாதேவி விவசாயிக்குப் புரியும்படி தமிழில் நாலு வரி எழுதுகிறவர்களுக்கு. மாதிரி வினாக்கள் என்னிடம் தயார். கூட்டத்துக்கு அழைத்தால் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு புள்ளியியல் ஆசிரியர்