ஆறுதல் சொல்ல அவசரம் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். துன்ப காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் தரும் ஆறுதலைப் பற்றிச் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் நோய் நீங்கியதையும், கடன் தீர்ந்ததையும், கேட்டது கிடைத்ததையும் சொல்கிறார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், இரவு பகலாக ஜெபித்தும் கணவரை அடக்கம் செய்ய நேர்ந்தவள் என்ற முறையில், கேட்டது கிடைக்காதவர்களுக்கு இந்த விசுவாசத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

அடக்கம் முடிந்த சில நாட்களில், நன்கு பழகிய விசுவாசி ஒருவர் வந்து, நான் இன்னும் உறுதியாக விசுவாசித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை பல மாதங்கள் என்னை வேதாகமத்தைத் திறக்கவிடவில்லை. மீண்டும் திறந்தபோது, பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்து தவித்த யோபுவின் சரித்திரத்தை வாசித்தேன். அவனுடைய நண்பர்கள் மூவரும் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேசத் தொடங்கியதும் அவனிடம் பாவத்தைத் தேடினார்கள். யோபு புத்தகத்தின் 42ஆம் அதிகாரத்தில் கடவுளின் கோபம் மூண்டது, தம்மோடு வழக்காடிய யோபுவின் மேல் அல்ல, தமக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்த அந்த நண்பர்களின் மேல்தான். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் அல்ல என்றே இயேசு பதில் சொன்னார்.

வேதாகமத்திலுள்ள பாடல்களான சங்கீதங்களை நாம் துதிப்பாடல்களாகவே அறிந்திருக்கிறோம். ஆனால் அந்த 150 பாடல்களில் முறையீடுகள் ஏராளம். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் நம்பிக்கையின் பக்கம் திரும்பி முடிகின்றன. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே நின்றுவிடுகிறது. அதை வாசித்த இரவில்தான், அடக்கத்திற்குப் பிறகு முதன்முறையாக என்னால் வாய்விட்டு ஜெபிக்க முடிந்தது. விடை தெரியாமல் அழுவதும் ஜெபம்தான் என்பதற்கு வேதத்திலேயே இடம் இருக்கிறதே! சிலுவையில் இயேசு கதறிய வார்த்தைகளும், கைவிடப்பட்டவரின் பாட்டான 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதானே?

வழிநடத்துதல் என்றால் வானத்திலிருந்து கேட்கும் குரல் என்று நினைத்துக் காத்திருப்பவர்களுக்கு எலியாவை நினைவூட்ட வேண்டும். போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட அந்தத் தீர்க்கதரிசியைக் கடவுளின் தூதன் கண்டிக்கவில்லை. தணலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தந்து, உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அவன் செய்ய வேண்டிய வேலையும், துணையாக எலிசாவும் அதற்குப் பிறகே வருகிறார்கள். ஆகவே, உறக்கமும் பசியும் அற்றுப்போனவர் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போவதை விசுவாசக் குறைவு என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அப்போஸ்தலனாகிய பவுல் தம்மோடு ஊழியத்தில் இருந்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றே அழைக்கிறார்.

சபைப் போதகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. துக்க வீடுகளில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தை, அதாவது கடவுள் நம்மேல் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்பதை, அடிக்கடி சொல்கிறீர்கள். அது பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. 5ஆம் வசனம், அந்த அந்நிய மண்ணிலேயே வீடுகளைக் கட்டிக் குடியிருக்கவும், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடவும் சொல்கிறது. என்னை மீண்டும் வேலைக்குப் போக வைத்தது அந்த 5ஆம் வசனம்தான். அடுத்த முறை ஒரு துக்க வீட்டில் அமரும்போது, 11ஆம் வசனத்திற்கு முன்னால் அதையும் சேர்த்து வாசியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி