வெள்ளையடித்த கணக்கு

சென்னை

அன்புள்ள ஜட்ஜ் ஐயாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் உன் மனைவியாகிய தங்கச்சியும் நலமென்று உன் மகன் சொன்னான். சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன்; திட்டுவதை நேரில் வைத்துக்கொள். மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடலாமா, விட்டால் பிற்பாடு காலி செய்ய வைக்க முடியுமா, பன்னிரண்டு வருடம் ஒருவர் குடியிருந்துவிட்டால் வீடே அவருக்குப் போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா என்று வரிசையாகக் கேட்டிருந்தாய். மற்றவற்றுக்கெல்லாம் அன்றைக்கே எழுதியிருப்பேன். கடைசிக் கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதே கேள்விக்குத் தவறான விடையை நம்பி ஒரு குடும்பத்தை வெளியேற்றியவன் நான். யாரை என்று உனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் என் சொந்தக் கதையைக் கேள், இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன. ஆனியில் இந்த வீட்டுக்கு மாறினோம். பழைய வீட்டில் ஆறு வருடம் இருந்தோம், வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாத வாடகை. சாவியைக் கொடுத்த அன்று வீட்டுக்காரர் சிரித்த முகத்துடன் காபி கொடுத்து, கணக்குப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன் என்றார். பார்த்த கணக்கு ஒரு மாதம் கழித்து வந்தது: பெயின்ட் அடிக்க 32,000 ரூபாய், வாட்டர் ஹீட்டர் பழுதுக்கு 3,500 ரூபாய், இரண்டையும் கழித்துக்கொண்டு மீதி. ஆறு வருடம் மனிதர்கள் புழங்கிய சுவர் மங்காமல் வேறென்ன செய்யும் என்று வீட்டுக்குள் கத்தினேன். உன் தங்கையாகிய என் மனைவி, கத்துவதை வீட்டுக்காரரிடம் போய்க் கத்துங்கள் என்றாள். போவதற்கு முன்னால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று மகளிடம் சொல்லித் தரவிறக்கச் சொன்னேன். ஹாஸ்டலில் உனக்கு ஜட்ஜ் என்று பட்டப்பெயர் வாங்கித் தந்த தீர்ப்புகளுக்கெல்லாம் மேல்முறையீடு செய்தவன் அல்லவா, படிக்கத் தொடங்கினால் விடுவேனா, மூன்று மாலை அதிலேயே போயின.

நாம் இளவயதில் கேள்விப்பட்ட 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தவென்று 2017-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று அதில் ஒரு பிரிவு இருப்பதைக் கண்டு துள்ளினேன். அதே வரியின் தொடக்கத்தில், இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் தவிர என்று ஒரு சொல்லையும் வைத்திருக்கிறார்கள். பத்து மாதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவனே நான்தான் என்பதால் துள்ளியவன் உட்கார்ந்தேன். ஆனால் அடுத்த வரி எனக்குச் சாதகமாக இருந்தது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய நியாயமான பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

நியாயமான பாக்கி எது என்பதில்தானே சண்டை எல்லாம்? அதற்கும் சட்டத்தின் கடைசியில், இரண்டாவது அட்டவணை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் எந்த வேலை யார் தலையில் என்று அது பிரித்துக் கொடுக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னலுக்கு வர்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்சார ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், பிளக், உடைந்த கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. பெயின்ட் அவர் தலையில் என்று கண்டதும் அந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டி, ஒப்புகை அட்டையுடன் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். எங்கள் ஒப்பந்தத்தில் பெயின்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் எழுதினேன். பன்னிரண்டு நாளில் 32,000 ரூபாயும் வங்கிக்கு வந்துவிட்டது. வாட்டர் ஹீட்டர் பணம் வரவில்லை. அந்தப் பழுது குடியிருப்பவர் பட்டியலில் இருப்பதை அவரும் படித்துவிட்டார் போலும். வெந்நீரில் குளித்தவர்தானே கொடுக்க வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பு. ஜட்ஜ் பதவி உனக்கு மட்டும் சொந்தமில்லை.

பணம் வந்த இரவு தூக்கம் வரவில்லை. என் பழைய கணக்கு நோட்டில் இதே போன்ற ஒரு வரி இருப்பது நினைவுக்கு வந்தது. எழுந்து தேடி எடுத்தேன். 2022 மே மாதம், மதுரையில் நான் வாடகைக்கு விட்டிருந்த வீட்டை டெய்லர் காலி செய்த நாள், அட்வான்ஸ் 60,000, பெயின்ட் செலவு கழிவு 14,000, கொடுத்தது 46,000 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. நம் டெய்லருக்கும் எனக்கும் எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது என்பதால், வேறு விதமாக எழுதிக்கொண்டோம் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் அடித்தவன் நானே.

அவரை ஏன் அனுப்பினேன் என்று நீ அப்போது கேட்டாய், வீட்டை இடித்துக் கட்டப் போகிறேன் என்று உன்னிடமும் பொய் சொன்னேன். உண்மைக் காரணம், அவர் வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டு நிறைந்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் சொன்னார், சுற்றியிருந்த நான்கு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள், நானும் நம்பினேன். இங்கே காலை நடையில் பழக்கமான ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் போன மாதம் இதைச் சொன்னபோது, நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் விளக்கியதை அப்படியே உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் நீ பயப்படுவதும் இதற்குத்தான்.

பன்னிரண்டு வருடம் என்ற கணக்கு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் இருப்பது மெய்தான். ஆனால் அது, உரிமையாளரின் உரிமையையே மறுத்து, இது என்னுடையது என்று ஊரறிய உரிமை கொண்டாடி அனுபவிப்பவருக்கு எதிராக உரிமையாளர் வழக்குப் போடாமல் தூங்கிவிட்டால் வரும் விளைவு. எதிரிடை அனுபவம் என்று அதற்குப் பெயர். வாடகைக்கு வந்தவரோ உன் அனுமதியின் பேரில் உள்ளே வந்தவர். மாதாமாதம் வாடகை கொடுப்பதன் மூலம் இது உன் வீடு என்று மாதாமாதம் ஒப்புக்கொள்பவர். வாடகைதாரராக இருக்கும்வரை, தன்னைக் குடிவைத்தவருக்கு உரிமையே இருந்ததில்லை என்று அவர் வாதாட முடியாது என்பதை 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே சொல்லியிருந்தது. ஆகவே ஒருவர் முப்பது வருடம் வாடகை கொடுத்துக் குடியிருந்தாலும், முப்பது வருடமும் அவர் வாடகைதாரர்தான்.

இதில் என் புத்திசாலித்தனத்தைக் கேள். ரசீது கொடுத்தால் அது டெய்லர் கையில் ஆதாரமாகிவிடும் என்று பயந்து, பதினொரு வருடமும் அவருக்கு ஒரு ரசீதுகூடக் கொடுத்ததில்லை. வழக்கறிஞர் சிரித்தார். அவர் வாடகைதாரர்தான் என்பதற்கு உங்களிடம் இருந்திருக்கக்கூடிய ஒரே ஆதாரத்தை நீங்களே இல்லாமல் செய்துகொண்டீர்கள் என்றார். வாடகை வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டியது கடமை என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கவும் புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே வழக்கென்று போயிருந்தால் நான் தோற்றிருக்க மாட்டேன். ஆனால் நான் அந்தச் சட்டத்தைப் படித்தும் அனுப்பவில்லை, அதற்காகவும் அனுப்பவில்லை. இல்லாத ஒரு பூதத்துக்குப் பயந்து, ஒரு மாதம்கூட வாடகை தவறாத மனிதரைப் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் வேறு வீடு தேட வைத்தேன். பிடித்தம் செய்த பணத்தைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. மிஷினை ஏற்ற வண்டி கிடைக்கவில்லை, இரண்டு நாள் திண்ணையில் இருக்கட்டுமா என்று மட்டும் கேட்டார்.

சரி, உன் மாடிக்கு வருகிறேன். தாராளமாக வாடகைக்கு விடு, ஆனால் எழுதிக்கொண்டு விடு. பதினொரு மாத ஒப்பந்தம் போதும், பதிவெல்லாம் வேண்டாம் என்று உன் தெருப் புரோக்கர் சொல்வார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், அந்தச் செலவைத் தவிர்க்க ஊர் கண்டுபிடித்த வழிதான் பதினொரு மாதம். புதிய சட்டத்திடம் அந்த வித்தை செல்லாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர். அலைய வேண்டியதில்லை, அரசின் இணையதளத்திலேயே பதிந்துகொள்ளலாம், உன் மகன் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவான். பதியாத ஒப்பந்தத்தைத் தகராறு வரும்போது சாட்சியமாக நீட்ட முடியாது. வாடகை எப்போது எவ்வளவு உயரும், வெள்ளையடிப்பது யார், கரண்ட் கணக்கு எப்படி என்பதையெல்லாம் அதிலேயே எழுதிவிடு. கீழும் மேலும் ஒரே மீட்டர் என்றால், அரசு தரும் இலவச யூனிட்டுகள் யாருக்கு என்பதில் தொடங்கித்தான் பாதி வீடுகளில் பேச்சு நிற்கிறது.

வாடகை தராவிட்டால் தண்ணீரை நிறுத்து, பூட்டைப் போடு என்று உன் மைத்துனர் சொல்லும் வைத்தியத்தைத் தயவுசெய்து கேட்காதே. வாலிபால் கோர்ட்டில் அவர் பேச்சைக் கேட்டு நாம் பட்டது போதும். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தினால், உடனே திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட வாடகை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பூட்டைப் போட்டு வெளியேற்றினால் இன்னும் மோசம். சட்ட வழியில் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து, வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் இருப்பிடத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் சொல்கிறது. வாடகை இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழியிருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் கட்டிவிட்டால் அதோடு சரி. நீ வாடகையை வாங்க மறுத்து முறுக்கிக்கொண்டால், அவர் அதை வாடகை அதிகாரியிடமே கட்டிவிடவும் முடியும். அப்புறம், தங்கச்சி நினைத்த நேரத்தில் மாடி ஏறி, சமையலறையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க முடியாது. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதை நீயே அவளிடம் சொல்லிக்கொள், எனக்குத் தைரியமில்லை.

இனி நான் உன்னிடம் கேட்பது. உன் சட்டைகளை இன்னும் டெய்லரிடம்தான் தைக்கக் கொடுக்கிறாய் என்று உன் மகன் சொன்னான். உன் வங்கிக் கணக்குக்கு இன்று காலை 14,000 ரூபாய் அனுப்பியிருக்கிறேன். அதை அவரிடம் கொடுத்துவிடு. என் பெயரைச் சொல்லாமல் கொடுக்கச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், அதுவும் ஒரு கோழைத்தனமாகப் பட்டது. வெள்ளையடித்த கணக்கில் நான் தர வேண்டிய பாக்கி என்று சொல்லியே கொடு. ஏன் காலி செய்யச் சொன்னேன் என்பதைத் தீபாவளிக்கு வரும்போது நானே அவரிடம் சொல்கிறேன். கூட வா, தனியாகப் போக மாட்டேன்.

பணத்தைக் கொடுத்ததும் மறக்காமல் அவரிடம் ஒரு ரசீது வாங்கிவிடு என்று எழுத வந்தேன். பதினொரு வருடம் ஒன்றுகூடக் கொடுக்காதவன் கேட்கிற கேள்வியா அது. வேண்டாம்.

உன்,
பதினேழாம் நம்பர் அறைக்காரன்