பொட்டலத்தில் அச்சடித்திருக்காது

வான்கூவர்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் போனில் கேட்டீர்கள்: "போதை மருந்தை டெஸ்ட் பண்ணி அவன் கையிலயே திருப்பிக் குடுக்கிறதுதான் வேலையா? அதுக்கா எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி?" அரைகுறையாகப் பதில் சொல்ல மனமில்லை. தேனியில் முப்பது வருஷமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஆளிடம் மழுப்பவும் முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் ஓர் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் அதன் முதுகில் எல்லாம் இருக்கிறது. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி. இங்கே ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ் தெருவில் கைமாறும் பொட்டலத்தில் அது எதுவும் கிடையாது. விற்கிறவனுக்கும் தெரியாது, அவனுக்குச் சப்ளை செய்தவனுக்கும் தெரியாது. இந்த ஊர்ச் சாவுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த அட்டையின் முதுகை எழுதிக் கொடுக்கிற வேலை என்று என் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு இங்கே ஹெராயின் ஓடியது. பிறகு அதன் இடத்தை 'ஃபென்டனில்' என்ற செயற்கை வலிநிவாரணி பிடித்தது. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம். கசகசா வயல் வேண்டாம், அறுவடை வேண்டாம், ஒரு கவருக்குள் அடங்கும் அளவே ஆயிரக்கணக்கான பேருக்குப் போதும். கடத்துகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 2016 ஏப்ரல் 14 அன்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தது. 2023இல் மட்டும் 2,500 பேருக்கு மேல் செத்தார்கள். சுமார் 55 லட்சம் ஜனம் இருக்கிற மாகாணத்தில் நாளுக்கு ஏறக்குறைய ஏழு சாவு. தெருவில் விழுந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலோர் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக இருந்து செத்தவர்கள்.

தெருவில் இந்தச் சரக்குக்குப் பெயர் 'டவுன்'. கொண்டு வருகிறவர் கொடுப்பது ஓர் அரிசி மணியளவு, சில மில்லிகிராம். அதை அகச்சிவப்புக் கதிர்க் கருவியின் வைர நுனியில் வைத்து, மேலே உள்ள திருகை இறக்கி அழுத்துவோம். ஒவ்வொரு பொருளும் கதிரை ஒவ்வொரு விதமாக விழுங்கும். ஒரு நிமிஷத்தில் திரையில் வளைகோடு வந்துவிடும். அதை ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் வளைகோடுகளோடு ஒப்பிட்டு, பெரிய பொருளைக் கழித்து, மிஞ்சியதை மறுபடி ஒப்பிட வேண்டும். முதலில் காஃபின் வரும், அடுத்து எரித்ரிட்டால் போலச் சர்க்கரை மாதிரி ஏதாவது ஒன்று. இவைதான் கனத்துக்குச் சேர்க்கும் மாவு. சரக்கை இயந்திரம் கெடுப்பதில்லை, அப்படியே திருப்பிக் கொடுக்கலாம்.

கருவிக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. எடையில் சுமார் 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது அதன் கண்ணில் படாது. ஃபென்டனில் 3 சதவீதம் இருந்தாலும் ஆளைச் சாய்க்கும், ஆனால் திரையில் காஃபினும் சர்க்கரையும் மட்டும் பளிச்சென்று தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் 'ஒன்றும் இல்லை' என்று வாய்விடும் இடம் இது. அதனால்தான் கூடவே பட்டைச் சோதனை செய்கிறோம். அதிலும் பிடிபடாததைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அந்த முடிவு வர நாளாகும், சரக்கு வைத்திருப்பவரோ அதுவரை காத்திருக்க மாட்டார்.

நீங்கள் கர்ப்பப் பரிசோதனை அட்டை விற்கிறீர்கள் அல்லவா, பட்டையும் அதே ஜாதிதான், பலன் மட்டும் தலைகீழ். அதில் இரண்டு கோடு என்றால் இருக்கிறது. இதில் இரண்டு கோடு என்றால் இல்லை, ஒரு கோடு என்றால் இருக்கிறது. கோட்டில் ஒட்ட வேண்டிய சாயத்தை மருந்து வழியிலேயே பிடித்துக்கொள்வதால் அந்தக் கோடு விழாது. இரண்டாம் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் 'இல்லை' என்றுதான் கணக்கு. ஒரு கோடும் விழாவிட்டால் பட்டை கெட்டது, வேறு எடுக்க வேண்டும். இந்த வித்தியாசம் புரியாமல் வீட்டில் சோதித்து, ஒரு கோட்டைப் பார்த்து நிம்மதியானவர்கள் உண்டு.

அடுத்த தப்பு தண்ணீரில் நடக்கும். இந்தப் பட்டை முதலில் சிறுநீர்ச் சோதனைக்காகச் செய்தது, நானோகிராம் அளவிலேயே காட்டிவிடும். மெத்தாம்ஃபெட்டமின், எம்.டி.எம்.ஏ. என்ற ஊக்கப் போதைகளில் எதையாவது கெட்டியாகக் கரைத்தால் ஃபென்டனில் இல்லாமலே 'இருக்கிறது' என்று பொய் சொல்லும். 10 மில்லிகிராமுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தண்ணீர் வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. பட்டையை அலைக்கோடு வரை சுமார் 15 விநாடி முக்கிவிட்டு, சமதளத்தில் வைத்து இரண்டு நிமிஷம் கழித்துப் படிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், டவுனுக்கு ஃபென்டனில் பட்டை போடுவது வீண். போட்டால் 'இருக்கிறது' என்றுதான் வரும், வாங்குகிறவருக்கும் அது தெரியும். பட்டை உயிரைக் காப்பது கொக்கெயின் வாங்கிய ஆளுக்கு. ஒபியாய்டு, அதாவது மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில் இனம், பழகாத உடம்பு, ஒரு துகள் கலந்திருந்தாலும் போதும். டவுன்காரருக்கு வேறு பட்டைதான் உதவும்: பென்சோ எனும் தூக்க மருந்து இனம் உண்டா என்று பார்ப்பது. டயஸிபாம், அல்பிரஸோலம் குடும்பத்தில் தெருவுக்கென்றே செய்த புரோமஸோலம் போன்ற உறவுக்காரர்கள் இப்போது டவுனில் கலக்கிறார்கள். எல்லா உறவும் பட்டையில் விழுவதில்லை. நிட்டாஸின் என்று இன்னொரு குடும்பம். 1950களில் சுவிட்சர்லாந்தில் ஒரு மருந்துக் கம்பெனி வலிநிவாரணியாகச் செய்து பார்த்து, சந்தைக்கு விடாமல் விட்டது. ஃபென்டனில் பட்டையில் அது சிக்கவே சிக்காது. சமீபத்தில் மெடிடோமிடினும் வந்து சேர்ந்திருக்கிறது, கால்நடை மருத்துவர்கள் நாய், பூனையை மயக்கப் பயன்படுத்துவது.

கலவை ஒரே சீராக இருப்பதில்லை என்பதும் பெரிய தலைவலி. வெண்பொங்கலில் மிளகு மாதிரி. ஒரு கரண்டியில் ஒன்றுமிராது, அடுத்த கரண்டியில் நாலு கிடக்கும். நாங்கள் சோதித்த மூலையில் 4 சதவீதம், அவர் எடுத்த மூலையில் 20. அதனால் 'சுத்தம்', 'பயமில்லை' என்ற வார்த்தைகள் எங்கள் மேஜையில் கிடையாது. 'இதில் இன்னது தெரிகிறது, இன்னது தெரியாமல் இருக்கலாம், கொஞ்சமாக ஆரம்பி, பக்கத்தில் ஆள் இருக்கட்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள்', இவ்வளவுதான் சொல்வோம். 2016இல் இன்சைட் மையத்தில் இந்தப் பட்டையை முதன்முதலாக முயன்றபோது, கொண்டு வந்த சரக்கில் 86 சதவீதத்தில் ஃபென்டனில் இருந்தது. இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அளவைக் குறைப்பது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள நேரடியான பதில் அதுதான். தெரிந்தால் குறைக்கிறார்கள்.

இன்சைட் என்றதும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2003 செப்டம்பரில் திறந்தது. வட அமெரிக்காவில் சட்ட அனுமதியோடு நர்ஸ் கண்பார்வையில் ஊசி போட்டுக்கொள்ளும் முதல் இடம். மருந்தை அவர்கள் தருவதில்லை, வருகிறவர் கொண்டுவருவார். புது ஊசி, மலட்டு நீர், பஞ்சு வடிகட்டி, ஆல்கஹால் பஞ்சு மட்டும் கொடுப்பார்கள். மத்திய அரசு மூடப் பார்த்தது. 2011இல் கனடா உச்ச நீதிமன்றம், மூடினால் உயிர் போகும் என்று சொல்லி, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தடுத்துவிட்டார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்க, நடைமுறை நகர்ந்துவிட்டது. இப்போது சாகிறவர்களில் அதிகம் பேர் ஊசி போட்டவர்கள் அல்ல, புகைத்தவர்கள். புகைக்கு மூடிய அறை ஒத்துவராது, காற்றோட்டம் செய்யச் செலவு ஏறும். அதனால் பல இடங்களில் வெளியே கூடாரம் போட்டு, மழையில் நின்று பார்த்துக்கொள்கிறார்கள். இந்த ஊர் மழையைப் பற்றித் தனிக் கடிதம்தான் எழுத வேண்டும்.

ஆள் விழுந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

உதடும் நகமும் நீலமாகும். நம் போன்ற கறுத்த தோலில் நீலம் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். தொண்டையில் கொரகொரவென்று சத்தம். அதைக் குறட்டை என்று எண்ணி 'தூங்கட்டும்' என்று விட்டுப் போன வீடுகளில்தான் காலையில் பிணம் எடுத்தார்கள். கண்மணி ஊசி முனையளவு சுருங்கியிருக்கும். பெயர் சொல்லிக் கத்த வேண்டும், நகத்தின் மேல் அழுத்த வேண்டும். அசைவில்லை என்றால் 911, இந்த ஊர் 108. கூட இருந்தவர் பயந்து ஓடாமலிருக்க 2017இல் ஒரு சட்டம் வந்தது. அழைத்தவர் மேலும் அங்கிருப்பவர் மேலும் போதைப்பொருளை வெறுமனே வைத்திருந்த குற்றத்துக்கு வழக்கு கிடையாது.

பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, வாயில் ஏதாவது இருந்தால் எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு. மார்பு உயர்கிறதா பார்க்க வேண்டும். எல்லோரும் தப்பு செய்வது இந்த இடத்தில்தான். மாற்று மருந்து ஊசியைத் தேடிப் பையைக் குடைந்துகொண்டு இரண்டு நிமிஷத்தை விட்டுவிடுவார்கள். ஒபியாய்டு கொல்வது மூச்சை நிறுத்தி, மூளை பட்டினி கிடப்பது பிராணவாயுவுக்கு. மூச்சைக் கொடுத்துவிட்டால் ஊசிக்கு நேரம் கிடைக்கும்.

அப்புறம் அந்த மாற்று மருந்து, ஒபியாய்டின் வேலையை முறிக்கும் நலோக்சோன். நம் ஊரில் ஆபரேஷன் தியேட்டரில் கிடக்கிற மருந்து, இங்கே கறுப்பு டப்பாவில் இலவசம், 2016 முதல் மருந்துச் சீட்டும் தேவையில்லை. உள்ளே 0.4 மில்லிகிராம் ஆம்பூல்கள் மூன்று, சிரிஞ்ச், ஆம்பூலை உடைக்கப் பிளாஸ்டிக் உறை, கையுறை, முகத்துக்கு ஒரு மறைப்பு. ஆம்பூலைச் சுழற்றி மருந்தைக் கீழே இறக்கி, கழுத்தை உங்கள் பக்கமல்லாமல் வெளிப்பக்கமாக உடைத்து, ஒரு மில்லியையும் இழுத்து, தொடையில் நேர்க்குத்தாக. உடை மேலேயே போடலாம். இந்தச் சிரிஞ்சில் பிஸ்டனை அடிவரை அழுத்தினால் ஊசி தானாக உள்ளே போய்விடும். குத்துப்படாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் பதற்றத்தில் காற்றை வெளியேற்றுகிறேன் என்று முழுதாக அழுத்தினால் ஊசி மறையும், மருந்து தரையில் போகும். பயிற்சி வகுப்பில் தண்ணீர் வைத்துப் பழக்கினாலும் பாதிப்பேர் முதல் தடவை இதைச் செய்வார்கள்.

போட்டபின் மூச்சு கொடுப்பதைத் தொடர வேண்டும், இரண்டு மூன்று நிமிஷம் கழித்துத்தான் அடுத்த ஆம்பூல். ஆள் எழுந்து உட்காரணும் என்று அடுக்கடுக்காகப் போடக் கூடாது. அதிகமானால் முறிவு, அதாவது போதை திடீரென்று அறுபடும் அவஸ்தை, வந்து வாந்தியும் கோபமும் வரும், கையில் உள்ளதை உடனே மறுபடி எடுக்கப் பார்ப்பார். பென்சோவோ மெடிடோமிடினோ கலந்திருந்தால் அதற்கு நலோக்சோன் வேலை செய்யாது. மூச்சு சீராக வந்தாலும் மணிக்கணக்கில் கண் திறக்க மாட்டார். நிமிஷத்துக்குப் பத்துக்கு மேல் மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் காவல் இருந்தால் போதும். நலோக்சோனின் வேகம் 30 முதல் 90 நிமிஷத்தில் தணியும், உள்ளே மிஞ்சிய சரக்கு மறுபடி மூச்சை அடக்கலாம், அதனால் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

உங்கள் தொழில்காரர்கள் இங்கே படும் பாடு வேறு. தெருச் சரக்கை விடச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெத்தடோன் சிரப்பை மருந்தாளுநர் அளந்து கொடுப்பார், அவர் எதிரிலேயே குடித்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும், வாயில் அடக்கவில்லை என்பதற்கு. சில நாள் வராமல் வந்தவருக்குப் பழைய அளவைத் தந்தால் ஆபத்து. தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். ஜெயிலிலிருந்தும் மறுவாழ்வு மையத்திலிருந்தும் வெளியே வந்தவர்கள் முதல் வாரங்களில் சாவது இதனால்தான். அதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான புப்ரெனார்ஃபினில் எதிர்ச் சிக்கல். ஃபென்டனில் உடம்பில் இருக்கும்போதே முழு அளவு கொடுத்தால் முறிவு வெடித்துவிடும். அதனால் பெர்ன் நகர மருத்துவர்கள் எழுதிய முறைப்படி அரை மில்லிகிராமுக்கும் கீழே தொடங்கி, பழைய சரக்கை நிறுத்தாமலே சில நாளில் ஏற்றுகிறார்கள். தெருச் சரக்குக்குப் பதில் ஹைட்ரோமார்ஃபோன் என்ற ஒபியாய்டு மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபென்டனில் பழகியவருக்கு அது பற்றவில்லை, கொஞ்சம் வெளியே விற்பனைக்கும் போனது. 2025இல் அதையும் கடையில் கண்முன்னே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால் நாளுக்கு மூன்று நடை நடக்கச் சலித்துத் தெருவுக்கே திரும்புகிறவர்களைப் பற்றி அந்த உத்தரவில் பதில் இல்லை.

உங்கள் கடைக்கு டாபென்டாடால் கேட்டு வரும் பையன்கள் பற்றிச் சொன்னீர்கள். அதுவும் ஒபியாய்டுதான் மாமா. சீட்டில்லாமல் கொடுக்காதது சரி. ஆனால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவனிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். மாத்திரையில் உள்ள டால்க்கும் மரநார்த் தூளும் கரையாது. துணியில் வடித்தாலும் நிற்காது, நுரையீரலின் மெல்லிய குழாய்களிலும் கைநரம்பிலும் போய் அடைக்கும். கை வீங்கி, சீழ் வைத்தால் ஆஸ்பத்திரிக்கு ஒளிக்காமல் போகச் சொல்லுங்கள். சிரிஞ்சை விற்க மறுத்தால் நிறுத்திவிடுவான் என்று எண்ண வேண்டாம், பக்கத்தில் இருப்பவனுடையதை வாங்கிக்கொள்வான். மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் அப்படித்தான் பரவுகின்றன.

கடை வாசலில் ஒருவன் சாய்ந்தால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு. நலோக்சோன் இல்லாவிட்டாலும் அதைச் செய்ய முடியும். கல்லாவில் ஒரு மூச்சு மறைப்பு வாங்கி வையுங்கள், உங்கள் மொத்த வியாபாரியிடம் கேட்டால் கிடைக்கும்.

அத்தைக்கு முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் மட்டும் கொடுங்கள், மாத்திரை வேண்டாம், பி.பி. இருக்கிறது.

அன்புடன்
உங்கள் மருமகன்