போனில் சொல்லாமல் விட்டது

அம்மாடி,

நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் சுகமா? தினமும் போனில் மூஞ்சியைப் பார்க்கிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதி, அதைத் தம்பியை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று நினைப்பாய். பயந்துவிடாதே, எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். நான் போன் பேச உட்கார்ந்தால் உன் அப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு காதை நீட்டுவார், அவர் முன்னால் சில விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல முடியாது. புது வருஷத்துக்கு வந்த தம்பி நாளைக் காலை ஓசூர் கிளம்புகிறான். அவன் போவதற்குள் எழுதி முடிக்கவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு மார்கழி 22, 2026 ஜனவரி 6. மணி ஒன்பதரை ஆகிறது, அப்பா தூங்கிவிட்டார்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். ஆவணியில் அப்பாவுக்குக் கால் சுளுக்கு என்று சொன்னேனே, அது சுளுக்கு இல்லை. எக்ஸெல் வண்டியில் உர மூட்டையை வைத்துக்கொண்டு வரும்போது வாய்க்கால் திருப்பத்தில் மணலில் சறுக்கி, வண்டி காலின்மேல் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உள்ளே பிளேட்டும் ஸ்குரூவும் வைத்திருக்கிறார்கள். வீடியோவில் முகம் மட்டும்தானே தெரியும், அதனால் கட்டிலில் சாய்ந்துகொண்டே உன்னிடம் சிரித்துப் பேசினார். நீ குட்டிக்குப் பல் முளைத்ததைக் காட்டினாயே, அது ஆஸ்பத்திரி ரூமில் இருந்து பார்த்தது. பின்னால் பச்சைத் திரை தெரிகிறதே என்று கேட்டாய், உன் அத்தை வீடு என்றேன். கோபித்துக்கொள்ளாதே. டிக்கெட் போட்டு ஓடி வந்திருப்பாய், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நீ வந்து என்ன செய்யப்போகிறாய் என்றுதான் சொல்லவில்லை. இப்போது கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார். மாடிப்படி ஏறக்கூடாது என்றால் கேட்பதில்லை.

செலவுக்கு என் நாலு சவரன் வளையலை அடகு வைத்தோம். பவுன் 80,000ஐத் தாண்டிய அதே வாரம். அதனால் கேட்ட பணத்துக்கு மேலேயே கொடுக்கத் தயாராக இருந்தார்கள். முன்னே மாதிரி என்றால் நாலு சவரனை வைத்தாலும் போதாது, கழுத்துச் சங்கிலியும் போயிருக்கும். அடகு வைக்கும்போது இனித்த விலை நகை வாங்கப் போகும்போது கசக்கிறது. அத்தை மகள் கல்யாணத்துக்கு நாம் இரண்டு சவரனில் செயின் போடுவதாகச் சொல்லியிருந்தோம். போன தைப்பொங்கல் சமயத்தில் பவுன் 58,000 சொச்சம் இருக்கும்போதே வாங்கி வையுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன், இறங்கும் இறங்கும் என்று உன் அப்பா காத்திருந்தார். கடைசியில் ஒரு சவரனில் முடித்தோம். அத்தை முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அத்தை ஒன்றும் காட்டவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். மார்கழி பிறந்த கையோடு லட்சத்தையும் தாண்டிவிட்டது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. கும்பகோணத்தில் மண்டபம். புயலுக்கு முந்தைய வாரம் என்பதால் மழைக்குத் தப்பித்தார்கள். பெண்ணுக்குக் கத்தரிப்பூக் கலரில் முகூர்த்தப்புடவை, எனக்குப் பிடிக்கவில்லை, மற்ற எல்லாருக்கும் பிடித்தது. நீ அனுப்பிய மொய்ப்பணத்தை மாப்பிள்ளை பெயரிலேயே எழுதவைத்தேன்.

சரி, நான் சொல்லவந்தது வயல் விஷயம்.

2024இல் மேட்டூரில் ஆடி பிறந்த பிறகுதான் தண்ணீர் விட்டார்கள், நமக்குக் குறுவைப் போகமே இல்லை. 2025இல் ஜூன் 12ஆம் தேதியே திறந்து, 15ஆம் தேதி கல்லணையும் திறந்துவிட்டார்கள். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. ஒன்பது மா நிலத்திலும் அம்பை 16 ரக நெல் நட்டார். நடவுக்கு நம் ஊர் ஆள் கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்துப் பையன்கள் பத்துப் பேர் வந்து கயிறு பிடித்து ஒன்றரை நாளில் நட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீரை ஜொல் என்கிறார்கள். நான் வைத்த சாம்பாரைத் தொடாமல் அவர்களே உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றார்கள், எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம்தான். கதிர் வெளிவருமுன் பயிர் பொதி கட்டும் சமயத்தில் அப்பா விழுந்துவிட்டார். அப்புறம் எல்லாம் என் தலையில்.

முப்பத்தொரு வருஷம் இந்த வீட்டில் இருக்கிறேன். வயலுக்குக் காபி கொண்டுபோயிருக்கிறேன், களத்தில் பதர் தூற்றியிருக்கிறேன். ஆனால் எந்த மடையை எப்போது அடைக்கவேண்டும், என்ன பயிர் வைத்திருக்கிறோம் என்பதற்கான அடங்கல் சான்றை எங்கே வாங்கவேண்டும், அறுவடை மிஷின்காரனிடம் எப்படிப் பேசவேண்டும் என்று ஒன்றுமே தெரியாது. கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொல்லச்சொல்ல நான் ஓடினேன். முதல் வாரம் நான் அடைத்த மடையெல்லாம் தப்பு. மூன்றாவது வாரம் அவர் சொன்னதுதான் தப்பு, நான் செய்தது சரி என்று பக்கத்து வயல்காரரே சொன்னார். அதை வீட்டில் சொல்லவில்லை.

அறுப்பு புரட்டாசிக் கடைசியில். வயலில் ஈரம் இருந்ததால் டயர் வைத்த அறுவடை மிஷின் இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும் என்று அலைந்து பிடித்தேன். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே எனக்கு முன்னால் ஒரு மலையே கிடந்தது. விளைச்சல் நல்ல விளைச்சல், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அறுப்பு, எடைபோட்ட மூட்டையை ஏற்ற லாரி இல்லை, லாரி வராததால் அடுத்த மூட்டையை வைக்க இடமில்லை. அதற்குள் அக்டோபர் 16ஆம் தேதி பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். அறிவிப்பு வரும்போது நான் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். 22 வரைக்கும் எடுக்க அனுமதி கொடுங்கள் என்று நம் அரசு கேட்டு, மத்தியக் குழுவெல்லாம் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போனது. மாதிரி போய்விட்டது, நெல் அங்கேயேதான் கிடந்தது. முதல் நாள் மீட்டரில் வைத்துப் பார்த்தபோது நமக்கு 19.8. வெயில் தலைகாட்டினால் தார்ப்பாயைத் திறந்து காலாலேயே கீறிவிட்டுக் காயவைப்பேன், கருத்துவந்தால் ஓடிப்போய் மூடுவேன். 18.4 வந்தது. மறுநாள் தூறல், திரும்பவும் 19. நாலாம் நாளிலேயே எனக்கு மீட்டர் தேவைப்படவில்லை, நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைகிறதா நசுங்குகிறதா என்று பார்த்தே சொல்லிவிடுவேன். தீபாவளி அன்று நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அப்பாவுக்கு இட்லி வைத்துவிட்டு, ஒரு டப்பா முறுக்கோடு நெல் குவியலுக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே என்னைப்போல ஏழெட்டுப் பெண்கள். எல்லாருடைய பலகாரமும் ஒன்றாகக் கலந்தது. உண்மையைச் சொல்கிறேன், பல வருஷத்துக்கு அப்புறம் தீபாவளி தீபாவளி மாதிரி இருந்தது. நீ அன்றைக்குப் போன் செய்தபோது புதுப்புடவையைக் காட்டு என்றாய், நெட் இல்லை என்று வைத்துவிட்டேன்.

பதினோராம் நாள் 16.9 வந்தது. எடைபோட்டார்கள். ஓரத்தில் கிடந்த பன்னிரண்டு சிப்பத்து நெல் முளைத்துவிட்டது, அதை வாத்துக்காரனுக்குக் கொடுத்தேன். மீதி 158 சிப்பம். சிப்பத்துக்கு 40 கிலோ, குவிண்டால் 2,500 ரூபாய், கணக்கு உனக்கே வரும். பணம் அப்பா கணக்கில்தான் ஏறியது. குறுஞ்செய்தி வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு, "பன்னிரண்டு மூட்டை போயிடுச்சே" என்றார். போ, அவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. ஆனால் ராத்திரி என் கால் வெடிப்புக்கு அவரே வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் வளையலை மீட்டேன், இப்போது கையில் இருக்கிறது.

குறுவை அறுத்த வயலில் அடுத்த போகமான தாளடி நட்டு இருபது நாள் ஆகியிருக்கும், டிட்வா புயல் வந்தது. காற்று பெரிதாக இல்லை, மழை மட்டும் நிற்காமல் பெய்தது. வயல் எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்ததால் தண்ணீர் வடிய வழியில்லை. தம்பி லீவு போட்டு வந்தான், தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு இறங்கி வெட்டி எடுத்தார்கள், நாலாம் நாள்தான் பயிர் நுனி தெரிந்தது. கீழண்டை மூலையில் ஒரு மா அளவுக்கு அழுகிவிட்டது, மிச்சம் பிழைத்துக்கொண்டது. இலங்கையில்தான் பாவம், மலையே சரிந்து ஊரோடு போயிருக்கிறது. உன் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கண்டிப் பக்கம்தானே சொந்தம் என்பாய்? அவர்கள் வீட்டு ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இடையில் இந்த வாக்காளர் பட்டியல் வேலை வேறு. கார்த்திகை முழுக்கப் படிவம், போட்டோ, 2002 பட்டியலில் பெயர் எங்கே என்று தேடல். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது. உனக்கும் ஒரு படிவம் வந்தது. படிவம் கொண்டுவந்த அம்மாவிடம் அப்பா, மகள் லீவுக்கு வருவாள், வைத்திருங்கள் என்றார். அவர்கள் என்ன செய்வார்கள், ஊரில் இல்லாதவர்களை எழுதத்தானே வேண்டும். டிசம்பர் 19ஆம் தேதி வந்த பட்டியலில் உன் பெயர் இல்லை. தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பேரை எடுத்திருக்கிறார்களாம், அதில் நீ ஒருத்தி. கால் உடைந்தபோதுகூட அந்த மனுஷன் அப்படி உட்காரவில்லை. "இடம்பெயர்ந்தவர்னு போட்டிருக்கான்" என்று அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 6ஏ என்று தனிப் படிவம் இருக்கிறதாம், இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் கொடுக்கலாம் என்று தம்பி சொல்கிறான். உனக்கு ஓட்டுப் போட வர முடியுமோ முடியாதோ, அப்பாவுக்காக அதை நிரப்பி அனுப்பிவிடு.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். கொல்லைப்புற ஓடு மாற்றியாகிவிட்டது. சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இப்போது எல்லார் வீட்டுத் தூசியும் தெரிகிறது.

இப்போது கேள். தாளடி அறுத்ததும் ஒன்பது மாவையும் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று அப்பாவும் தம்பியும் பேசி வைத்திருக்கிறார்கள். அப்பாவால் இனிமேல் சேற்றில் இறங்க முடியாது, அது வாஸ்தவம். தம்பிக்கு ஓசூரை விட்டு வர மனமில்லை, அதுவும் வாஸ்தவம். உன்னிடமும் ஒரு வார்த்தை கேட்கப்போகிறார்கள். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. அம்மா பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டாள், இனி ஓய்வெடுக்கட்டும் என்று என் நல்லதுக்காகவே பேசிக்கொள்கிறார்கள், நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கஷ்டப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த குறுவையை நானே செய்கிறேன். எனக்கு மடை தெரியும், ஈரம் தெரியும், செயின் வண்டிக்காரன் நம்பர் என் போனில் இருக்கிறது. ஒரு வருஷம் பார்க்கட்டும். முடியவில்லை என்றால் நானே குத்தகைக்காரனைக் கூட்டிவந்து உட்காரவைக்கிறேன்.

நான் நேரே சொன்னால், உனக்கெதுக்கு இந்த வேலை என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். நீ சொன்னால் கேட்பார், உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, அம்மாவே ஒரு போகம் பார்க்கட்டுமே அப்பா என்று நீயாகத் தோன்றிக் கேட்கிற மாதிரிக் கேள். நான் எழுதினேன் என்று வாய் தவறியும் சொல்லிவிடாதே. காலைப் பற்றியும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, இல்லாவிட்டால் எப்படித் தெரிந்தது என்று ஆரம்பிப்பார்.

உங்கள் ஊரில் வெயில் கொளுத்துகிறது என்றாயே, குட்டிக்கு நீராகாரம் கொடுத்துப் பழக்கு. பெரியகடைக்காரர் மகன் பிப்ரவரியில் மெல்போர்ன் வருகிறானாம், பத்துக் கிலோ வரை எடுத்துவர ஒத்துக்கொண்டான். சுண்டைக்காய் வற்றலும் மோர்மிளகாயும் வைக்கிறேன். அரிசி வடகம் எவ்வளவு வேண்டும் என்று சொல், இந்தத் தடவை நம் வயல் அரிசியிலேயே கிளறிப் பிழியப்போகிறேன்.

அம்மா